நூலக வரி செலுத்துவோர் என்ன படிக்கிறார்கள்?

நம் அங்கத்தினர் பெரும்பாலோர் வீட்டில், இறவாணத்திலோ சுவர் மாடத்திலோ, வீட்டுவரி ரசீது ஒன்று செருகி வைக்கப்பட்டிருக்கும். அதனை எடுத்துப் பார்த்தால், வீட்டுவரிக்கு அடுத்தாற்போல் நூலக வரி என்று ஒரு சிறு தொகை குறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். வீட்டுவரி ஒரு ரூபாயாயின் நூலகத்துக்குப் பத்துக் காசு. ஊரில் நூலகம் எந்தத் திசையில் இருக்கிறது என்று அறியாதவரும் இவ்வரியை ஆண்டுதோறும் செலுத்தி வருகிறார்.

இவ்வரி பிறந்த வரலாறு நெடியதன்று. நாடு விடுதலையடைந்த மறு ஆண்டாகிய 1948-ல், திரு. தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் இயற்றப்பட்டது. மாகாணங்களுள் இத்தகைய சட்டத்தை முதலிற் செய்தது சென்னையே. அதற்கு அடிகோலியவர் சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடத்துக்கு அப்பால், சீர்காழியிற் பிறந்த நூலக அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் அவர்கள். தொடக்கத்தில் வரி ரூபாய்க்கு அரையணா. சென்னை நகரம் நீங்கலாகப் பிற இடங்களில், வசூலான தொகைக்குக் குறையாத ஒரு தொகையை அரசும் தன் பங்காகச் சேர்க்க வேண்டும் என்பது சட்டத்தின் ஏற்பாடு. இப்பணத்தைக் கொண்டு மாவட்ட நூலக ஆணைக்குழு, மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் என்று பலவகையாக நூலகங்களை நடத்தி வருகிறது. 1993-ல் தென்னார்க்காடு மாவட்டம் பிரிக்கப்பட்டபோது கடலூரைத் தலைமையிடமாகக் கொண்டு கடலூர் மாவட்டம் அமைந்தது. கடலூரும் சிதம்பரமும் குறிஞ்சிப்பாடியும் புவனகிரியும் அதனுள் அடங்கியவை.

உற்று நோக்கின் இதுவும் ஒரு கூட்டுறவே. ஊரார் அனைவரும் பங்குத் தொகை கட்டுகிறார்கள்; பொருள் அனைவருக்கும் பொது. ஆனால் ஆயிரம் பேர் பங்குத் தொகை கட்டி, ஐம்பது பேர் மட்டும் கடன் பெறுகின்ற ஒரு சங்கத்தை நாம் என்னவென்று சொல்வோம்? பணம் கட்டியவன் பொருளைப் பெற்றானா என்று பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பது என் தொழில். அந்தப் பழக்கத்தினால், சங்கங்களைப் பார்வையிடச் செல்லும் ஊர்களில், பேருந்துக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் நூலகத்துக்குள் நுழைந்து, யார் வருகிறார்கள், எதைக் கையில் எடுக்கிறார்கள் என்று கவனிப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. அங்ஙனம் கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன்.

காலையில் நூலகம் திறந்தவுடன் நிரம்புவது பத்திரிகை மேசை. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், கடைக்காரர்கள், வேலை தேடும் இளைஞர்கள் இவர்களே முதலில் வருவோர். தினத்தந்தியை ஒருவர் நான்கு தாளாகப் பிரித்து நான்கு பேருக்குக் கொடுத்துவிடுவார்; முதற் பக்கம் கைமாறிக் கைமாறி உச்சிப் பொழுதுக்குள் துணிபோல் தொய்ந்துவிடும். தினமணியைக் கேட்பவர் தனி இனம். அவர் தலையங்கத்தைப் படித்து முடிக்கும்வரை தாளை விடமாட்டார். கைப்பேசியில் செய்தி வந்துவிடுகின்ற இக்காலத்திலும் இம்மேசை காலியாகவில்லை. செய்தியை அறிவதற்காக மட்டும் இவர்கள் வருவதில்லை. படித்ததைப் பக்கத்தில் இருப்பவரோடு மெல்லிய குரலில் விவாதிக்கவும் வருகிறார்கள். மெல்லிய குரல் என்பது நூலகரின் விருப்பம், நடைமுறை வேறு.

பத்திரிகை மேசைக்கு அப்பால் சுவரோரமாக அமர்ந்திருப்பவர்கள் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரும் இளம் பெண்களும். கடலூர், சிதம்பரம் போன்ற நகரங்களில் இவர்கள் தொகை ஆண்டுக்காண்டு பெருகி வருகிறது. தேர்வாணையத்தின் தொகுதி நான்கு தேர்வு அறிவிக்கப்பட்டுவிட்டால் நாற்காலி கிடைப்பது அரிது. இவர்களிற் பலர் நூலகத்தின் புத்தகத்தைத் தொடுவதுகூட இல்லை; வீட்டிலிருந்து கொண்டுவந்த வழிகாட்டியையும் பள்ளிப் பாடநூலையும் விரித்து, மின்விசிறியின் கீழ் மாலைவரை அமர்ந்திருப்பார்கள். நூலகம் படிப்பறையாகிவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. எனக்கு அவ்வருத்தம் இல்லை. ஓர் அறை, ஒரு தறி, ஓர் அடுப்பு என்று இருக்கும் நெசவாளி வீட்டுப் பெண் அமைதியாக அமர்ந்து படிக்க வேறு இடம் எங்கே இருக்கிறது? நூலக வரியினால் நம் அங்கத்தினர் குடும்பம் இன்று பெறும் பெரும்பயன் இந்த நாற்காலிதான் என்றுகூடச் சொல்வேன். ஆயினும் வேலை கிடைத்த பின் அவ்விளைஞர் நூலகப் பக்கம் திரும்புவது அரிது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனி, புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துச் செல்வோர். இவர்களே உண்மையான வாசகர் என்பது என் எண்ணம். இவர்களிற் பெண்கள் கணிசம். ரமணிசந்திரனின் நாவல்களை இவர்கள் எடுக்கும் வேகத்துக்குத் தட்டு ஈடுகொடுக்க இயலவில்லை. அட்டை கிழிந்து, ஒட்டி, மீண்டும் கிழிந்த நிலையில் அப்புத்தகங்கள் இருக்கின்றன. இலட்சுமி, சிவசங்கரி ஆகியோரை மூத்த பெண்கள் கேட்கிறார்கள். ஆண்கள் ராஜேஷ்குமாரின் துப்பறியும் கதைகளையும் பாலகுமாரனையும் சாண்டில்யனையும் நாடுகிறார்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' யாவர்க்கும் பொது. 1950-ல் தொடங்கி 1954 வரை வார இதழில் வெளிவந்த அக்கதை, 2022-லும் 2023-லும் திரைப்படமாக வந்தபோது மீண்டும் பலரால் தேடப்பட்டது. கதை தொடங்குவதே நம் வீராணம் ஏரிக்கரையில் அல்லவா! காட்டுமன்னார்கோயில் பக்கத்து வாசகர் அதைத் தம் ஊர்க் கதையாகவே கருதுகிறார். ஐந்து பாகங்களுள் ஏதேனும் ஒரு பாகம் எப்போதும் யார் வீட்டிலோ தங்கிவிடுகிறது என்பது நூலகர்களின் தீராத குறை.

நாவல் படிப்பது வீண்பொழுது என்று கூறும் பெரியோர் பலர். நான் அதை ஒப்புவதற்கில்லை. நாளெல்லாம் தார் சுற்றி, இரவில் அரைமணி நேரம் ஒரு கதையைப் படிக்கும் பெண், எழுத்தோடு தன் உறவை அறுத்துக்கொள்ளாதவள். இன்று ரமணிசந்திரனைப் படிப்பவள் நாளை வேறொன்றைக் கேட்பாள். அந்த வேறொன்று தட்டில் இருக்க வேண்டும் என்பதே என் கவலை.

இங்கு இன்னொன்றைக் குறிப்பிட வேண்டும். வாசகர் விருப்பம் என்று நாம் எதைச் சொல்கிறோமோ, அதிற் பாதி தட்டில் இருப்பதைப் பொறுத்தது. புதுமைப்பித்தன் 1906-ல் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் 1934-ல் பிறந்ததும் கடலூரிலேயே. 1972-ல் சாகித்திய அகாதமி விருதும் பின்னர் ஞானபீட விருதும் பெற்றவர். விருத்தாசலம் வட்டாரத்து மக்களின் பேச்சையும் பாட்டையும் எழுதிவரும் இமையம், 'செல்லாத பணம்' என்னும் நாவலுக்காக 2020-ஆம் ஆண்டின் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அவ்வட்டாரத்தைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் முந்திரிக் காட்டு மக்களின் வாழ்வைக் கதையாக்கியதோடு, நடுநாட்டுச் சொற்களுக்கு ஓர் அகராதியும் தொகுத்துள்ளார். ஊர்ப்புறத்து நூலகத்தில் இவர்கள் புத்தகங்களை யாரேனும் கேட்கிறார்களா என்று வினவினால், தட்டில் இருந்தால் எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது என்ற விடையே கிடைக்கிறது.

சரி, இத்தனை பேர் வருகிறார்களே, நம் நெசவாளி எங்கே? குடியானவர் எங்கே? குறிஞ்சிப்பாடியில் கைலி நெய்பவரும் புவனகிரியில் சேலை நெய்பவரும் வரி கட்டுகிறார்கள். கிளை நூலகம் நடைதூரத்தில் இருக்கிறது. ஆனால் வழங்கற் பதிவேட்டில் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்தான் காணப்படுகிறதேயன்றி அவர்கள் பெயர் அரிது. (நூல் என்றால் நம்மவர்க்கு 40-ஆம் நம்பரும் 60-ஆம் நம்பரும்தான் என்று ஒரு சங்கத் தலைவர் வேடிக்கையாகச் சொன்னார். பவணந்தி முனிவரோ, புலவன் நூல் செய்வதைப் பஞ்சிலிருந்து இழை நூற்பதற்கு ஒப்பிட்டு நன்னூலில் வைத்திருக்கிறார். இரு நூலும் ஒன்றே என்று அன்றே தெரிந்திருக்கிறது.)

முதிய நெசவாளி ஒருவரிடம் இதைக் கேட்டேன். "படிக்கத் தெரியாமல் இல்லீங்க, ஐயா. தறிக்குழியை விட்டு ஏறினால் விளக்கு வைக்கிற நேரம். அந்த நேரத்துக்கு நூலகத்தில் பூட்டுத் தொங்குது" என்றார் அவர். இவ்விடையை நான் பெரிதும் மதிக்கிறேன். நூலகம் திறந்திருக்கும் நேரமும், தறியில் நாடா ஓடும் நேரமும், வயலில் மடை திருப்பும் நேரமும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. பல ஊர்களில் அமாவாசைக்குத் தறி நிறுத்துவது வழக்கம். அந்த நாள் நூலகத்தின் விடுமுறையில் விழுந்துவிட்டால் அதுவும் போயிற்று. இரங்கநாதன் அவர்கள் 1931-ல் வெளியிட்ட நூலக ஐந்து விதிகளுள் முதலாவது, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்கே என்பது. நூலகம் எங்கே அமைய வேண்டும், எந்நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் அவர் இவ்விதியிலிருந்தே வருவித்தார்.

நம்மவர்க்குப் படிப்பில் நாட்டமே இல்லை என்று யாரேனும் சொன்னால் அது அறியாமை. இப்பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் இல்லாத வட்டாரம் இல்லை. விழாக் காலத்தில் நாள்தோறும் பாரதம் படிக்க, தறிவிட்டு வந்தவரும் ஏர்விட்டு வந்தவரும் அமர்ந்து கேட்பது தலைமுறை தலைமுறையாக நடந்துவருவது. வில்லிபாரதத்தைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள் நம் ஊர்களில் இருந்திருக்கிறார்கள். பெரிய எழுத்து நல்லதங்காள் கதையும் அல்லி அரசாணி மாலையும் திருவிழாக் கடைகளில் விற்றுத் தீர்ந்தது எவருடைய காசினால்? அச்சகத்தார் நம்மவர் விருப்பத்தை அறிந்து, மங்கிய விளக்கிலும் தெரியும்படி எழுத்தைப் பெரிதாக்கினார்கள். வடலூர்ப் பக்கத்தில் திருவருட்பா வைத்திருக்கும் எளிய வீடுகள் இன்றும் உண்டு. நாட்டம் இருந்தது, இருக்கிறது. புத்தகம் ஆளிடம் வந்த காலத்தில் ஆள் படித்தான். ஆள் புத்தகத்திடம் போகவேண்டும் என்றானபோது பின்தங்கினான்.

புத்தகத்தை ஆளிடம் கொண்டுசெல்ல வேண்டும் என்ற எண்ணமும் புதியதன்று. 1931-ல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தக அடுக்கு அமைத்துச் சுற்றுப்புறக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதனைத் தொடங்கி வைத்தவர் இரங்கநாதன் அவர்களே.

தட்டில் உள்ளவற்றுக்கும் நம்மவர் தொழிலுக்கும் உள்ள தூரம் மற்றொரு காரணம். தொ. மு. சி. ரகுநாதன் 1953-ல் 'பஞ்சும் பசியும்' என்று ஒரு நாவல் எழுதினார். கைத்தறி நெசவாளர் நூலின்றியும் கூலியின்றியும் வாடிய காலத்தை, திருநெல்வேலிச் சீமையைக் களமாகக் கொண்டு சொல்வது அது. செக் மொழியிலும் பெயர்க்கப்பட்டது. எம். வி. வெங்கட்ராமின் 'வேள்வித் தீ' கும்பகோணத்துப் பட்டு நெசவாளர் குடும்பத்தைப் பற்றியது. நெசவாளியே நாயகனாக வரும் கதைகள் தமிழில் இருக்கின்றன என்று சங்கக் கூட்டமொன்றில் நான் சொன்னபோது, அங்கிருந்தவர்கள் வியந்தார்கள். ஒருவர், "நம்மைப் பற்றியா? அதில் என்ன எழுதியிருக்கும்?" என்று கேட்டார். அப்புத்தகத்தைத் தேடிப் படிக்க அதைவிடச் சிறந்த காரணம் வேண்டியதில்லை.

பயிர்த்தொழில் செய்வோர் நிலையும் இதுவே. கடலூரில் கரும்பு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை, முந்திரி இரகங்கள் பெயர் பெற்றவை. கரும்பின் செவ்வழுகல் நோய்க்கும் முந்திரியைத் தாக்கும் தேயிலைக் கொசுவுக்கும் செய்ய வேண்டியதைப் பற்றி இந்நிலையங்களின் அறிஞர் எழுதியவை உள. நான் பார்த்த கிராம நூலகங்களில், வேளாண்மை என்று எழுதிய தட்டில் பழைய உரக் கையேடுகளும், யாருக்கும் பொருந்தாத தோட்டக்கலைப் புத்தகம் ஒன்றிரண்டுமே இருந்தன. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் 'உழவரின் வளரும் வேளாண்மை' இதழைக் காணவில்லை. ஆனால் ஜப்பானிய உழவர் ஃபுகோகாவின் 'ஒற்றை வைக்கோல் புரட்சி'யைத் தமிழிற் படித்துவிட்டு, தம் நிலத்தில் கால் காணியை உழாமல் விட்டுப் பார்க்கும் இளம் குடியானவர் ஒருவரைச் சிதம்பரத்துக்கு அருகில் சந்தித்தேன். விளைவு என்னவாகும் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. புத்தகம் ஒன்று வயலுக்குள் இறங்கிவிட்டது என்பதுதான் செய்தி. அதை அவர் நூலகத்திலிருந்து எடுக்கவில்லை. நண்பரிடம் இரவல் வாங்கியது.

நூல்களைத் தெரிவு செய்வதும் வாங்குவதும் பெரும்பாலும் சென்னையில் நடக்கின்றன. அங்கிருந்து மாவட்டங்களுக்குப் பங்கிட்டு அனுப்புகிறார்கள். குறிஞ்சிப்பாடிக்கு என்ன வேண்டும் என்பதை அங்கிருப்பவர் கனவிலா காண்பார்? கேட்டால்தானே தெரியும். கேட்பதற்கு வழி இருக்கிறது. நூலகங்களுக்கு வாசகர் வட்டம் என்றோர் அமைப்பு உண்டு. நான் அறிந்தவரை அதில் ஆசிரியர்களும் புலவர்களும் இருக்கிறார்கள். நெசவாளர் சங்கத்தின் சார்பிலோ வேளாண்மைக் கடன் சங்கத்தின் சார்பிலோ எவரும் இல்லை. ஓர் உறுப்பினர் சென்று அமர்வதை எவரும் தடுக்கப் போவதில்லை.

நமது இயக்கத்தின் மூதாதையர் இதில் நம்மைவிடக் கண்ணுங் கருத்துமாக இருந்தார்கள். 1844 டிசம்பர் 21-ஆம் நாள் இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரில் கடை திறந்த முன்னோடிகளின் வரலாறு அங்கத்தினர் அறிந்ததே. மாவும் வெண்ணெயும் விற்ற அவர்கள், சில ஆண்டுகளில் கடையின் மாடியில் பத்திரிகை படிக்கும் அறையையும் நூலகத்தையும் அமைத்தார்கள். லாபத்தில் நூற்றுக்கு இரண்டரை பங்கைக் கல்விக்கென்று ஒதுக்கினார்கள். சாமான் வாங்க வந்தவன் அப்படியே படியேறிப் படித்தான் என்பதே அதன் சிறப்பு. நம் நாட்டிலும் சங்கங்களின் நிகர லாபத்தில் ஒரு பகுதி கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செல்கிறது. அது பயிற்சிக்கும் வகுப்புக்கும் பயன்படுகிறது. புத்தகம் வரை வருவதில்லை.

கியூபாத் தீவில் இன்னொரு முறை இருந்தது. ஹவானா நகரத்துச் சுருட்டு ஆலைகளில், 1865 முதற்கொண்டு, தொழிலாளர் சுருட்டுச் சுற்றிக்கொண்டிருக்க ஒருவர் உயரத்தில் அமர்ந்து பத்திரிகையும் நாவலும் உரக்கப் படிப்பார். அவருக்குக் கூலி தொழிலாளரே தம் சம்பளத்திலிருந்து கொடுத்தார்கள். எந்தப் புத்தகம் என்பதையும் அவர்களே வாக்கெடுத்து முடிவு செய்தார்கள். பிரெஞ்சு ஆசிரியர் தூமாவின் 'மாண்டி கிறிஸ்டோ பிரபு' கதையில் அவர்களுக்கிருந்த மோகம், பிற்காலத்தில் ஒரு சுருட்டு வகைக்கே அப்பெயரை வாங்கித் தந்தது. தறிக்கூடத்தில் இது நடவாது. மிதியின் ஓசையிலும் நாடாவின் ஓசையிலும் வாசிப்பவர் தொண்டை வற்றிப் போகும். பாவு ஓடும் தெருவிலும் தார் சுற்றும் திண்ணையிலும் நடக்கும். இன்று அவ்விடத்தை வானொலிப் பெட்டியும் கைப்பேசியும் பிடித்துக்கொண்டுள்ளன.

நம் சங்கங்களால் உடனே செய்யக்கூடியது ஒன்று எனக்குத் தோன்றுகிறது. நெய்த துணியைக் கொடுத்துக் கூலியும் அடுத்த பாவுக்கான நூலும் வாங்க அங்கத்தினர் சங்க அலுவலகத்துக்கு வருகிறார்கள். அளந்து, தரம் பார்த்து, பதிந்து முடிய ஒரு மணி நேரமேனும் ஆகிறது. வேளாண்மைச் சங்கத்திலோ உரத்துக்கும் நகைக்கடனுக்கும் காத்திருப்போர் வராந்தாவை நிறைத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்பு நேரந்தான் அவர்களுடைய ஓய்வு நேரம். அவ்விடத்தில் ஓர் அலமாரி வைத்து, அருகிலுள்ள கிளை நூலகத்திலிருந்து ஐம்பது அறுபது புத்தகங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றி மாற்றிப் பெறமுடியுமா என்று, நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதலாம். கிடைக்காவிடில், துணைவிதி இடந்தருமாயின், பொதுநல நிதியிலிருந்து சங்கமே வாங்கலாம். தீர்மானத்தில் தொகையையும் நோக்கத்தையும் தெளிவாக எழுத வேண்டும். தணிக்கையில் வினா எழாது.

அலமாரிக்குப் பூட்டுப் போட்டுத் திறவுகோலைச் செயலாளர் மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் கூடாது. தேவார ஏடுகள் தில்லைக் கோயிலில் ஓர் அறையில் பூட்டிக் கிடந்ததையும், இராசராசனும் நம்பியாண்டார் நம்பியும் திறந்து பார்த்தபோது பெரும்பகுதி செல்லரித்துப் போயிருந்ததையும் சிதம்பரத்தார்க்கு நான் சொல்ல வேண்டியதில்லை. புத்தகம் இரண்டு தொலைந்தால் தொலையட்டும். தேய்மானம் என்று எழுதிக் கழிக்கக் கணக்கில் இடமுண்டு.

எந்தப் புத்தகம் என்பதை அலுவலகத்தார் முடிவு செய்ய வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கூலி கொடுக்கும் மேசையில் வைத்து, வேண்டுவதை எழுதச் சொல்லுங்கள். எழுத இயலாதவர்க்குக் குமாஸ்தா எழுதித் தரலாம். ரமணிசந்திரன் என்று பத்துப் பேர் எழுதினால் ரமணிசந்திரனையே வாங்குங்கள். பக்கத்தில் 'பஞ்சும் பசியும்' ஒரு பிரதியும், பெரிய எழுத்துப் பாரதம் ஒன்றும், முந்திரி, கரும்பு பற்றிய சிறு வெளியீடுகளும் இருக்கட்டும். அந்த நோட்டின் படியொன்றை ஆண்டுக்கொருமுறை வாசகர் வட்டத்துக்கும் அனுப்பலாம். ரூபாய் 1000 செலுத்தி நூலகப் புரவலராகும் திட்டம் நடைமுறையில் இருப்பதால், வசதியுள்ள சங்கத் தலைவர்கள் தம் பெயரில் அதையும் செய்யலாம். புவனகிரிப் பக்கத்துச் சங்கம் ஒன்றில் இத்தகைய நோட்டைத் தொடங்கி வைக்கச் சொன்னேன். முதற் பக்கத்தில் முதல் வரியாக ஒரு மூதாட்டி எழுதச் சொல்லியிருப்பது: "எழுத்துப் பெரிதாக உள்ள கதை, எதுவானாலும்."